மருந்தில்லாத ரத்தம்

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சர் சொன்னது. அவருக்குக் கல்யாணமான புதிதில் நடந்ததாம்.

டீச்சரின் கணவருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நோயாளிக்கு ஏற்றிய ஆன்டிபயாடிக் ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று மெஷினில் ஓட்டிப் பார்த்துச் சொல்வார். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் உடம்பு தாங்காது.

அந்த மனிதரே அன்று தொண்டை வீங்கிக் காய்ச்சலோடு படுத்திருந்தார். டாக்டர் கொடுத்த கேப்ஸ்யூல் பிரிக்காமல் கிடந்தது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு போட்டுக்குங்க."

"நாளைக்குப் போட்டுக்கறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"அது நேத்தைய நாளைக்கு. இது இன்னைய நாளைக்கு."

மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஊரான் ரத்தத்துல எல்லாம் மருந்து இருக்கான்னு தேடுவான். தன் ரத்தத்துல ஒரு பொட்டு சேர விடமாட்டான். என்னால ஆகலம்மா, இனி நீயாச்சு அவனாச்சு."

புதுப்பெண்ணுக்கு அழுகை முட்டியது. படித்த மனிதர் என்றுதானே கட்டிக்கொண்டோம், இப்படி ஒரு வீம்பா?

மாலையில் பாலைச் சூடாக்கினாள். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் கொட்டினாள். சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய் நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார்.

"கசக்குது."

"காய்ச்சல் வாய்க்கு எல்லாம்தான் கசக்கும்."

"அதுவும் சரிதான்" என்று மடமடவென்று குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீயும் கிளம்பு. லேபுக்குக் கொஞ்சம் ரத்தம் வேணும்."

"என் ரத்தமா? எதுக்கு?"

பஸ்ஸில் விளக்கினார். "மெஷின் ரத்தத்துல இருக்கிறதை ஒவ்வொண்ணாப் பிரிக்கும். மருந்து வர்றப்போ பேப்பர்ல கோடு மலை மாதிரி ஏறும். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு உயரம்னு தெரியணும்ல? அதுக்கு மருந்தே படாத ரத்தத்துல நாமளே அளந்து கலந்து ஓட்டணும். எப்பவும் என் ரத்தம்தான். எடுத்து வச்சது தீர்ந்துபோச்சு. எனக்குக் காய்ச்சல், அதனால ஆகாது. நீ மருந்து எதுவும் சாப்பிடலையே?"

நேற்றுப் பாலில் கலந்தது அவளுக்கு நினைவு வந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

லேப் வாசல் பெஞ்சில் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தீக்காயம் பட்ட பொண்ணோட அப்பா" என்றார் கணவர். "அவளுக்கு ஏறுறதும் என் கேப்ஸ்யூல்ல இருக்கிற அதே மருந்துதான். அளவைக் கூட்டறதா வேண்டாமான்னு டாக்டர் நம்ம பதிலுக்குத்தான் காத்திருக்காரு."

அவள் கையை நீட்டினாள்.

பதில் வந்தது. மருந்து போதவில்லை. அன்றே அளவைக் கூட்டினார்கள். வீடு திரும்பியதும் மிச்சக் கேப்ஸ்யூலை அவரே கேட்டு வாங்கி விழுங்கினார்.

"அந்தப் பொண்ணு பொழைச்சு, நடந்தே வீட்டுக்குப் போச்சு" என்று டீச்சர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவர் ரத்தத்தை எடுத்திருந்தா? நான் பால்ல கலந்த மருந்தும் சேர்ந்து கணக்கே தப்பியிருக்கும். ஏதோ அந்தக் காய்ச்சல் காப்பாத்துச்சு. சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மாடிப்படியில் டீச்சரின் கணவரைப் பார்த்தபோது பட்டும் படாமலும் கேட்டேன்.

"சார், காய்ச்சல் இருந்தா அந்த மெஷினுக்கு ரத்தம் எடுக்கக் கூடாதா?"

"யார் சொன்னா? மெஷினுக்குக் காய்ச்சல் தெரியாதுப்பா. மருந்துதான் தெரியும்."

நான் விழித்ததைப் பார்த்து, டீச்சர் என்னிடம் சொல்லியிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"நாள் பூரா அந்த மருந்தோட மாரடிக்கிறவன் நான். முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சு. கண்ணெல்லாம் சிவந்து எதிர்ல நிக்கிறா. டம்ளரைக் கீழ வைக்க மனசு வருமா?"