'அப்புறம்' என்றொரு பக்கம்

ஒரு ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில், கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் ஒருவன் இருந்தான். துறுதுறுப்பான ஆள். ஒரு கேபிளை இந்தத் துளையிலிருந்து பிடுங்கி அந்தத் துளையில் செருகிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடுவான்.

அங்கே நடக்கும் மாற்றங்களை எழுதி வைப்பதற்காக மேசைமேல் இருந்த மாற்றப் பதிவேட்டக்கா விடமாட்டாள்.

"எதை மாத்தின, எதுக்கு மாத்தின, முன்னே எங்கே இருந்துச்சு? எல்லாத்தையும் எழுது."

"சின்ன மாத்தம்தானேக்கா. அப்புறம் எழுதிக்கிறேன்."

"என்கிட்ட 'அப்புறம்'னு ஒரு பக்கம் கிடையாதுடா தம்பி."

முணுமுணுத்துக்கொண்டே எழுதுவான்.

ஒருநாள் காலையில், போன மாதம் அவன் கேபிளை மாற்றிச் செருகிய துளை செத்துப்போனது. ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுகூட வார்டுக்குப் போகவில்லை. டாக்டர்கள் போன்மேல் போன் போட்டார்கள். முப்பது துளைகளில், அந்தக் கேபிள் முன்னே இருந்த பழைய துளை எது? அவனுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. நல்லவேளை, எழுதி வைத்திருக்கிறோமே என்று மேசையைப் பார்த்தான். அங்கே பேனா மட்டும்தான் கிடந்தது.

"அக்கா! எங்கேக்கா போயிட்டீங்க?"

"அலமாரி மேல இருக்கேன்டா, பதறாதே. பழசு பதினேழாம் துளை."

அவசரமாக அதில் செருகினான். முடிவுகள் வார்டுகளுக்கு ஓடத் தொடங்கின. அவனுக்கு உயிர் வந்தது.

"நீங்க எப்பக்கா மேலே போனீங்க?"

"நேத்து சாயங்காலம். ஏசி தண்ணி தலைமேல சொட்டுச்சு."

"எழுதினீங்களா?"

பதிவேட்டக்கா தன் பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள்.

"சின்ன மாத்தம்தானே தம்பி, அப்புறம்…"

அவன் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து மேலே நீட்டினான்.

"எந்தப் பக்கத்துலக்கா எழுதப் போறீங்க?"