இறக்கத்தில் கிடைத்த மிச்சம்

மாட்டுக்கொட்டகையில் பழைய மொபெட்டுக்குப் பக்கத்தில் புது மின்சார ஸ்கூட்டர் வந்து நின்றது. அதற்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, உங்களைவிட என் விலை ரெண்டு மடங்கு! ஆனா எனக்குப் பெட்ரோலே வேண்டாம். இன்னொரு வித்தையும் தெரியும். இறக்கத்துல இறங்கினா எனக்குத் தானாவே சார்ஜ் ஏறும்!"

"நம்ம கரட்டு இறக்கத்துலயா? போயிட்டு வா தம்பி," என்றது மொபெட்.

மறுநாள் விவசாயி செங்கோடன் ஸ்கூட்டரில் சந்தைக்குக் கிளம்பினார். கரட்டு உச்சி வந்ததும் ஸ்கூட்டர் துள்ளியது. இதோ இறக்கம்! இதோ சார்ஜ்!

செங்கோடன் டக்கென்று சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். அடிவாரம் வரைக்கும் வண்டி சும்மா உருண்டது. அவர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் கொட்டகைக்குள் நுழைந்ததுமே ஸ்கூட்டர் கத்தியது. "அண்ணே, ஏறுற சார்ஜை ஏறவிடாம அணைச்சுட்டாரே! என்னை வித்த கடைக்காரர், இறக்கத்துல அணைக்காதீங்கன்னு அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"தலை கேட்டுக்கிச்சு தம்பி. கை கேக்கணுமே! பெட்ரோல் மிச்சமாகட்டும்னு இத்தனை வருஷமா என்னை அதே இடத்துல அணைச்ச கையாச்சே."

அப்போது வாசலில் செங்கோடன் தன் மனைவியிடம் பெருமையடிப்பது கேட்டது. "இறக்கம் முழுக்க அணைச்சே வந்துட்டேன் பாவாயி. எவ்வளவு கரண்டு மிச்சம் பாரு!"

மொபெட் சிரித்த சிரிப்பில், அதன் டேங்கின் அடியில் கிடந்த கடைசிச் சொட்டுப் பெட்ரோலும் குலுங்கியது.