படத்தில் இல்லாத பக்கம்

இரண்டாயிரம் வயது சைப்ரஸ் மரம் அது. ஜனங்கள் படத்தில் பார்த்து மயங்கினால்தான் தைவான் காடு பிழைக்கும் என்று நம்பி, தான் எடுத்த அதன் புகைப்படத்தைக் கண்காட்சியில் மாட்டியிருந்தாள் யூஃபாங்.

“அற்புதம் அக்கா! இந்த மரம் எங்க இருக்கு?” என்றான் ஒருவன்.

“கட்டின புருஷனுக்கே சொல்லல, உங்களுக்குச் சொல்லிடுவேனா? தெரிஞ்சா திருட்டுப் பசங்க அறுத்துடுவாங்க.”

“அதுவும் சரிதான். ஆனா பின்பக்கம் பானை மாதிரி புடைச்சிருக்கே, அதுதான் அழகு. அதை ஏன் எடுக்கல?”

யூஃபாங் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல விலை போகும் என்று திருடர்கள் தேடி அலைவதே அப்படிப்பட்ட புடைப்பைத்தான். அதனால் அந்தப் பக்கத்தை அவள் எந்தப் படத்திலும் காட்டியதில்லை.

“அது உங்களுக்கு எப்படி...?”

“பாத்துட்டுதானே வரேன்!” அவள் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினான்.

அவள் உள்ளங்கையில் அப்போதுதான் அறுத்த சைப்ரஸின் வாசம் வீசியது.