பச்சை நூல் தொங்கிய பொத்தான்

தையல்காரி பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். மூன்றாவது பரீட்சை மறுநாள். இந்த முறை விடுவதாக இல்லை. நிகழ்தகவு மண்டையில் ஏறாததால், ஒரு துணிப்பையில் மூன்று சிவப்புப் பொத்தான்களையும் நான்கு வெள்ளைப் பொத்தான்களையும் போட்டு, பார்க்காமல் எடுத்துப் பழகினாள்.

முதலில் வந்தது பழுப்புப் பொத்தான். அதன் துளைகளில் பச்சை நூல் தொங்கியது.

பழுப்பு நூல் தீர்ந்துபோன அவசரத்தில் பச்சை நூலால் அவள் பொத்தான் தைத்தது ஒரே ஒரு சட்டைக்குத்தான். அது கணவரின் கடைசிச் சட்டை. அதைப் போட்டுத்தான் அவரைப் புதைத்தார்கள்.

"பழுப்பு வர்றதுக்கு நிகழ்தகவு என்னடி?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் பாடப்புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "பையில இல்லாதது எப்படிம்மா வரும்? பூஜ்யம்."

அவள் அதை மேசையில் வைத்துவிட்டு மறுபடி பைக்குள் கையை விட்டாள். இன்னொரு பழுப்பு. அதிலும் பச்சை நூல்.

பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "நாளைக்குப் பரீட்சைங்க. என் உசிர வாங்காதீங்க. முடிச்சிட்டு வந்து பேசறேன்."

அதன்பின் சிவப்பும் வெள்ளையுமே வந்தன. ஏழில் மூன்று, ஏழில் நான்கு என்று விளங்கும்வரை எடுத்தும் போட்டும் பார்த்தாள்.

மறுநாள் பரீட்சை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாக் கணக்கும் போட்டுட்டேன்" என்று சொல்லிப் பைக்குள் கையை விட்டாள்.

இம்முறை தேட வேண்டியிருக்கவில்லை. விரித்த உள்ளங்கையில் ஒரு பொத்தான் வைக்கப்பட்டது. பிறகு அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கப்பட்டன.