மண் தின்ற கப்புகள்

"மதாம், உங்களுக்குக் குடுத்த கப்பு மக்காது."

தட்டாஞ்சாவடியில் மக்கும் பிளாஸ்டிக் கப் செய்கிற இளஞ்செழியன், காபிக்கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் போட்டு உடைத்தான்.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா விர்ஜினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'எங்கள் கப் மண்ணோடு மண்ணாகும்' என்று வாசலில் போர்டே வைத்திருக்கிறாள். அவள் காபியைவிட அந்த போர்டுக்குத்தான் கூட்டம்.

"என்ன தம்பி, ஏமாத்திட்டியா?"

"இல்ல மதாம். சூடா காபி ஊத்துனா கப்பு வளையுதுன்னு போன வருஷம் சத்தம் போட்டீங்கல்ல? அதுக்காக அச்சுலயே வச்சு இன்னும் கொஞ்சம் சூடு ஏத்துனோம். கப்பு கெட்டியாயிடுச்சு. ஆனா கெட்டியானதை மண்ணு லேசுல கரைக்க மாட்டேங்குது. நானே புதைச்சுப் பாத்தேன், போட்டது போட்டபடி இருக்கு. ஆர்டர் போனாலும் போவுது, சொல்லிடணும்னு வந்தேன்."

இவ்வளவுதானா! விர்ஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன் மண்ணுல மக்கலன்னா என்ன, என் மண்ணுல மக்குதே! வந்து பாரு."

அவனைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். காபி குடித்துப் போட்ட கப்புகளை அங்கே குழியில் கொட்டி, தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடுவாள். ஊர் உலகத்துக்கு நல்லது செய்துவிட்ட நிறைவு அவளுக்கு அதில்தான்.

கடையில் பாத்திரம் தேய்க்கும் சின்னப்பொண்ணு அவசரமாக ஓடி வந்தாள். "நவுருங்க மதாம், நான் தோண்டறேன்."

போன மாதம் மூடிய குழியைத் தோண்டினாள். கறுகறுவென்று மண். மருந்துக்குக்கூட ஒரு கப் இல்லை.

"பாத்தியா?" விர்ஜினிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இளஞ்செழியனால் நம்பவே முடியவில்லை. ஆனாலும் தலை தப்பிய சந்தோஷம்.

"அடுத்த மாசம் லாஸ்பேட்டையில இன்னொரு கடை திறக்கறேன். இதே கப்பு, ரெண்டு மடங்கா அனுப்பு."

சின்னப்பொண்ணு மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஐயையோ, வேணாம் மதாம்!"

"ஏன், உனக்கென்ன வந்துச்சு?"

"ஒண்ணுகூட மக்கல மதாம். பாத்தா உங்க மனசு ஒடிஞ்சு போயிடுமேன்னு, வாராவாரம் நான்தான் தோண்டியெடுத்து, சாக்குல கட்டி எங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். இருக்கறதே ரெண்டு ரூம்பு. ஒண்ணு ரொம்பிப் போச்சு. இன்னொண்ணும் ரொம்பிட்டா நாங்க எங்க மதாம் படுக்கறது?"