ஏரிக்கரைச் சிறுத்தை

"இன்னிக்கும் கம்பெனி பஸ் ஊருக்குள்ள வராதாம். மூணு நாள் ஷிப்டு போச்சு," என்றாள் சசிரேகா.

பிரவீன் தாழ்ப்பாளை மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

"ஏங்க இப்படி நடுங்குறீங்க? சிறுத்தை இன்னா, கதவத் தட்டிக்கினா வரும்?"

"சத்தம் போடாத."

ஏரிக்கரைப் பாறையில் சிறுத்தை படுத்திருக்கும் படம் ஞாயிறன்று யார் யார் கையோ மாறி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அன்றிலிருந்து ஒரு கதவும் திறக்கவில்லை. ஆண்கள் மட்டும் தடியோடு சுற்றி வந்தார்கள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. பிரவீன் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

ஜன்னலில் பக்கத்து வீட்டு ராஜாமணி நின்றார். "சசி, பயப்படாதம்மா. சிறுத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃபாரஸ்ட்காரங்க படத்தப் பெருசாக்கிப் பாத்துட்டாங்க. அது சிமெண்டுப் பாறையாம். பின்னாடி கீறது பெயிண்ட் அடிச்ச செவுராம். ஏதோ ஜூவுல எடுத்தது."

"அப்பாடா!" சசிரேகா தாழ்ப்பாளில் கை வைத்தாள். "அப்போ தடியெல்லாம் கீழ போட்டாச்சா?"

"எங்கம்மா! மொதல்ல அனுப்பினவன் யாருன்னு ஒவ்வொரு வூடா போனை வாங்கிப் பாத்துகினு வராங்க. அடுத்தது உங்க வூடுதான்."

பிரவீன் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். "தொறக்காத!"

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, கூண்டுக் கம்பி விழாமல் அந்தப் படத்தை எடுக்க அரைமணி நேரம் காத்திருந்தவன் அவன்.

ஜன்னலுக்கு வெளியே தடிகள் தெரிந்தன. நல்லவேளை, நடுவில் கம்பி இருந்தது.