அடுத்த அறையின் குளிர்

"சரிதா, உங்க ரெண்டாம் நம்பர் ரெடிதானே? கரீம் பாய் கீழ வண்டிய நிறுத்திட்டு இருக்காரு."

மேனேஜர் விஜயராகவன் கேட்டதும், "ரெடி சார்" என்றாள் சரிதா.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அவள் விஷயத்தில் உண்மையைச் சொன்னால்தான் கிடைக்காது. இன்றைக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தட்டாஞ்சாவடியில் இருக்கும் அந்தச் சின்ன கம்பெனி, மீன் வைக்கும் குளிர் அறைகளைக் கண்காணிக்கும் பெட்டியைச் செய்கிறது. மீன் வியாபாரி கரீம் பாய்க்கு இரண்டு அறைகள். பெட்டிக்குள் அறைக்கு ஒரு ஃபோல்டர். அறை எப்படி இருக்கிறது என்று கேட்டால், அந்த ஃபோல்டருக்கான புரோகிராம் குளிரின் அளவைச் சொல்லும். ஒன்றாம் அறைக்கு சீனியர் ஜானகிராமன் எழுத வேண்டும், இரண்டாம் அறைக்குச் சரிதா.

சரிதா எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் கோயில் தேர், ஆபீசுக்கு லீவு. லீவு நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தவள், அண்ணி கூப்பிட்டதும் தேர் பார்க்கக் கிளம்பிவிட்டாள். அப்புறம் சனி, ஞாயிறு எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆனால் வியாழக்கிழமை சாயங்காலமே ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். தன் ஃபோல்டரை ஜானகிராமனின் ஃபோல்டருக்கு லிங்க் செய்துவிட்டாள். நம் போனுக்கு வரும் அழைப்பை அடுத்தவர் போனுக்குத் திருப்பிவிடுவது போலத்தான். இரண்டாம் அறையைப் பற்றிக் கேட்டால் கேள்வி ஒன்றாம் அறைக்குப் போகும், அங்கிருந்து பதில் வரும். பக்கத்துப் பக்கத்து அறைகள், ஒரே குளிர். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அப்போது அவர் ஃபோல்டரிலும் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஜானகிராமன் தீபாவளியன்றுகூட ஆபீசுக்கு வந்த மனிதர். அவரா முடிக்காமல் இருப்பார்? காலையில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றால், அவள் வருவதற்குள் பெட்டியை மீட்டிங் ரூமுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

மீட்டிங் ரூமில் ஜானகிராமன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மணிக்கட்டில் புதிதாக ஒரு சிவப்புக் கயிறு. வீட்டம்மா கோயிலிலிருந்து வாங்கி வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"லீவுல எங்கயும் போவலியாம்மா?" என்றார்.

"எங்க சார்? வீட்லயே வேலை சரியா இருந்துச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப உன்னுது முடிஞ்சிடுச்சி?"

"முடிஞ்சிடுச்சி சார். உங்களுது?"

"அதெல்லாம் எப்பவோ."

சரிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் இருக்கிற தெம்பில்தான் இந்த ஆபீசே ஓடுகிறது என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

கரீம் பாய் வந்து உட்கார்ந்து டீயை உறிஞ்சினார். "மொதல்ல ரெண்டாம் நம்பரக் காட்டுங்க சார். வஞ்சிரம் பூரா அதுலதான் கெடக்கு. ஒரு ராத்திரி குளிர் போச்சுன்னா நான் தெருவுக்கு வந்துடுவேன்."

விஜயராகவன் பெருமையாகக் கீபோர்டைத் தட்டினார். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு குளிரின் அளவு வர வேண்டிய இடத்தில் சிவப்பில் ஒரு வரி வந்தது.

"என்னா சார் எழுதியிருக்கு?"

"லிங்க் சுத்திச் சுத்தி வருதாம்" என்ற விஜயராகவனின் குரல் இறங்கியது.

"என் ரூம் எதுக்கு சார் சுத்துது?"

சரிதா நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். லிங்க் என்ற வார்த்தை வந்துவிட்டது. இனி மேனேஜர் நோண்டாமல் விட மாட்டார். வேலை போயிற்று.

"ஒரு நிமிஷம் பாய், ஒண்ணாம் நம்பரப் பாப்போம். அது ஜானகிராமன் பண்ணது, தப்பே வராது" என்றார் மேனேஜர்.

தட்டினார். அதே சிவப்பு வரி வந்தது.

கரீம் பாய் டீ கிளாசைக் கீழே வைத்தார். விஜயராகவன் மறுபடி தட்டினார். மறுபடியும் அதே வரிதான். சரிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திருட்டு லிங்க் இருப்பது அவள் ஃபோல்டரில். நல்லபடியாக எழுதிய ஒன்றாம் அறை ஏன் சுற்ற வேண்டும்?

பக்கத்தில் திரும்பினாள். அந்த ஏசியிலும் ஜானகிராமனுக்கு நெற்றி முழுக்க வியர்வை. சட்டைக் கையை இழுத்துச் சிவப்புக் கயிற்றை மறைத்துக்கொண்டே அவள் பக்கம் குனிந்தார்.

"நீ சின்சியரான பொண்ணாச்சேன்னு, தேருக்குக் கெளம்பறப்பவே என்னோடத உன்னோடதுக்கு லிங்க் போட்டுட்டேனேம்மா!"